எண் பலகை

ஒன்பது தொலைந்து எத்தனையோ வருடம்.
ஆறைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறோம்.
ஆறும் ஒன்பதும் ஒரே எண்ணில் வந்தால்
அந்தப் பாட்டை நாங்கள் பாடுவதில்லை.
கெம்பாஸ் தோட்டத்து லுத்தரன் சபையின்
தீராத சிக்கல்களில் இதுவும் ஒன்று.

நான் பொருளாளர், பாக்கியசீலி.
ஆறு நாள் ஆலையின் எடைமேடையில்
செம்பனைக்குலை லாரிகளை நிறுக்கிறேன்.
ஏழாம் நாள் காணிக்கைப் பை.
போன ஞாயிறு அறுபத்திரண்டு வெள்ளி நாற்பது சென்.
வந்தவர் பதினொருவர்,
கடைசிவரை உள்ளே வராமல்
மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தே கேட்கும்
சாலொமோனின் மைத்துனனையும் சேர்த்து.

ஐயர் மூன்றாம் ஞாயிறுதான் வருவார்.
அவருக்கு நாலு சபை, ஒரு கிழட்டுப் புரோட்டோன், முழங்கால் வலி.
மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் வாசிப்பது நான்,
லாரி எண் வாசிக்கும் அதே குரலில் என்பாள் தங்கை.

ஆண்டு மலருக்குச் சபை வரலாறு கேட்டார்கள்.
இரும்புப் பெட்டியைத் திறந்தேன்.
ரசகற்பூர வாசம், மூன்று பதிவேடுகள்.

முதலாவதில் தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து.
ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, பெற்றோர், லயத்து எண், தொழில்.
பால்வெட்டு. பால்வெட்டு. பால்வெட்டு.
ஒரே ஒரு சமையல், துரை பங்களாவில்.
கோவில் நிலம் துரை கொடுத்தது, "வாய்மொழியாக."
அந்த ஒரு சொல்லுக்கு
இன்றும் வக்கீல் கடிதம் வருகிறது.

ஜப்பான்காரன் காலத்தில் மை இல்லை, பென்சில்.
பதினேழு பெயர்களுக்கு நேரே "சயாமுக்கு."
திரும்பி வந்தவர்களுக்கு ஒரு சின்னக் கோடு.
மூன்று கோடுகள்.
அதே பக்கத்தின் அடியில் உபதேசியார்:
"பெரிய வியாழன். அப்பத்துக்கு மரவள்ளிக்கிழங்கு.
ரசத்துக்குச் செம்பருத்தி கொதித்த நீர்.
செல்லுமோ செல்லாதோ கர்த்தர் அறிவார்.
முப்பத்தொருவர் வாங்கினார்கள்."

செல்லுமா என்று ஐயரிடம் நான் கேட்கவில்லை.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது.
கிள்ளானுக்கு, ஜொகூருக்கு, தாமான் வீடுகளுக்குப் போனார்கள்.
மூன்றாம் பதிவேட்டில் ஞானஸ்நானம் குறைகிறது,
அடக்கம் குறையவில்லை.
வரலாற்றை இதோடு முடித்துவிட நினைத்தேன்.

ஆகஸ்டில் குலையறுக்கச் சுமத்ராவிலிருந்து புது ஆட்கள்.
மடிப்புக் கலையாத சட்டையோடு ஆறு பேர்
ஒரு ஞாயிறு கடைசி பெஞ்சில்.
பத்தாக் என்றார்கள். லுத்தரன் என்றார்கள்.
பார்லின் என்பவனுக்கு மட்டும்
"தம்பி", "சாப்பாடு" இரண்டும் தெரியும்.

அன்று கீர்த்தனை இல்லை, ஞானப்பாட்டு.
ஜெர்மானிய ராகம், கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தது.
அவர்கள் மலைக்கும் யாரோ கொண்டுபோயிருக்கிறார்கள்.
இரண்டாம் அடியில் பின்னாலிருந்து எழும்பிற்று,
வேறு மொழி, அதே ராகம்,
அதற்கும் கீழே தரையிலிருந்து வருவதுபோல் ஒரு கனத்த குரல்.
ஞானாபரணம் திரும்பிப் பார்த்ததில்
ஆர்மோனியத்தில் ஒரு கட்டை தவறியது.
இத்தனை வருடம் நாங்கள்
அந்தப் பாட்டின் மேல்மாடியை மட்டுமே பாடியிருக்கிறோம்.

பெயர்களை எங்கே எழுதுவது என்று
கமிட்டியில் ஒன்றரை மணி நேரம்.
பெர்மிட் முடிந்தால் போய்விடுவார்கள் என்றார் இஸ்ரவேல் அண்ணன்.
உண்மைதான், போய்விடுவார்கள்.
முதல் பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்தது,
பின்னால் வந்தவர்கள் கைவிட்டது: "வந்த கப்பல்."
மூன்றாவதில் அதற்கு மறுபடி கோடு போட்டேன்.

பார்லின் ஒரு மரத்துண்டில் ஒன்பது அறுத்துக் கொண்டுவந்தான்.
கொஞ்சம் பெரியது, ஆணியில் சாய்ந்தே நிற்கிறது.
இந்த ஞாயிறு துணிந்து நூற்றுத் தொண்ணூற்றாறு போட்டோம்.
எழுந்து நின்ற பிறகுதான் தெரிந்தது,
ராகம் எங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.
ஞானாபரணம் ஒரு விரலால்
கட்டைகளை ஒவ்வொன்றாக
அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
யாரும் உட்காரவில்லை.