காட்டாதே

திருப்பூர் பி.என். ரோட்டில் கரண்ட் வந்ததும்
டேஷ்போர்டு அம்மணமாய் நின்றது.
பட்டனெல்லாம் வெறும் எழுத்து,
சாயப்பட்டறைக்குப் போகாத துணி மாதிரி.

"ஏனம்மிணி, பையர் பாத்தா என்ன நெனைப்பான்?"

கேஷைத் துடைத்தேன். கன்சோலில் ஒரே சிவப்பு:
ஸ்டைல் ஃபைல் இல்லையாம்.
இருந்தது.
நேற்று சர்வர் மாற்றியவன்
பெயரில் ஒரு கேப்பிடல் எழுத்து போட்டுவிட்டான்;
லினக்ஸுக்கு அது வேறு ஆள்.

திருத்தப் போகையில்
பக்கத்தின் அடியில்
இதுவரை திரைக்கு வராத வரி:
ஓவர்டைம் பாக்கி, நாலாம் லைன்,
மயிலாத்தாள், அறுபத்திரண்டு மணி நேரம்.
யாரோ ஸ்டைலில் எழுதியிருக்கிறார்கள்
காட்டாதே என்று.

எழுத்தை மாற்றி ரிஃப்ரெஷ் அடித்தேன்.
நீலம், பச்சை, வளைந்த ஓரங்கள்.
"இப்பத்தான் லட்சணமா இருக்குது."

மயிலாத்தாளைக் காணோம்.

முதலாளி கீழே இறங்கிவிட்டார்.
ஃபைல் இன்னும் திறந்தே கிடக்கிறது,
கர்சர்
முந்நூற்றுப் பதினாலாம் வரியில்.