தொண்ணூறு பாகை

டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம்
பிசியோ ரெஜினா எழுதித் தந்தாள்:
இடுப்பு தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்கக் கூடாது.
சம்மணம் கூடாது. கால்மேல் கால் கூடாது.
விரல் உள்பக்கம் திரும்பவே கூடாது.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
முப்பது வருசம் சம்மணமிட்டுக்
கொலுசுக்குக் கொக்கி வைத்தவள் நான்.
பற்றவைத்த சூட்டோடு இழுத்தால்
கொக்கி வாயைப் பிளந்துவிடும்,
தெரியாதா எனக்கு?
கிண்ணத்துக்குள் உருண்டை
இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறது.
சதை அதை நம்பப் பல வாரம் ஆகும்.

தொடைகளுக்கு நடுவே தலையணை,
கக்கூஸ்மேல் இன்னொரு மேடை.
பீரோ சாவி விழுந்தால்
விழுந்ததுதான்.
என் பாதம் எனக்கு ஏற்காடு:
ஜன்னலில் தெரிகிறது,
போக முடியாது.

இன்று தையல் பிரிக்கும் நாள்.
செருப்பு மாட்ட
அவர் தரையில் உட்கார்ந்தார்.
அம்மிமேல் வைத்து மெட்டி போட்டதோடு சரி,
இந்தக் காலை அவர் தொட்டதில்லை.
"உள்ள திரும்புது பாரு" என்று
குதிகாலைப் பிடித்து நேராக்கினார்.
பட்டையை ஒட்டினார், பிரித்தார்,
மறுபடி ஒட்டினார்.

பிறகு எழ முடியாமல்
வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அது என்னுடையது என்றேன்.