திருத்தம்

ரூசே நகரில், டான்யூப் பக்கம் ஜன்னல் இல்லாத
மூன்றாம் மாடி அறையில்
பதினோரு வருடம் நகைச்சுவை தட்டச்சு செய்தேன்.
சம்பளப் பட்டியலில் அதற்கு வேறு பெயர்.

இறைச்சிக்கடையில் சொன்னது, சலூனில் சொன்னது,
மே தின ஊர்வலம் முடிந்து
கொடிக்கம்பங்களைச் சுவரில் சாய்த்துவிட்டு
மூத்திரச் சந்தில் சொன்னது,
எல்லாம் என் மேஜைக்கு வரும்.
ஒரு மூலம், நான்கு கார்பன்.
சிரித்தால் விரல் தவறும்,
அதனால் சிரிக்காமல் பழகினேன்.
என் கல்யாணப் போட்டோவிலும் அது தெரியும்.

எதிர்ச்சுவரில் சிவப்புத் துணி:
"உழைப்பே எங்கள் பெருமிதம்."
ஓர் ஆணி கழன்று, குளிர்காலம் முழுக்க
"உழைப்பே எங்கள்" என்பதோடு மடிந்து கிடந்தது.
யாரும் தொடவில்லை.
ஆணி இருந்தது.
சுத்தியல் கொடியில் மட்டும்தான் இருந்தது.

காட்டிக்கொடுப்பவர்களுக்குக் கதை சொல்லத் தெரியாது.
அந்த வேலையின் உண்மையான கஷ்டம் அதுதான்.
முடிவை முதலில் எழுதிவிடுவார்கள்.
"இதைக் கேட்டு மூவர் சிரித்தனர்" என்பார்கள்,
எதற்கு என்று இருக்காது.

எழுபத்து நான்கு ஜனவரியில் வந்தது இது:
"துறைமுகக் கிரேன் ஓட்டுநர் லியூபென் கரபெட்கோவ்,
புத்தாண்டு ஆரஞ்சுக்கான வரிசையில்,
தலைவர் படம் உயரத்தில் இருப்பதாகவும்
வரிசையின் முடிவைப் பார்ப்பதாகவும்
அவதூறாகக் கூறினார்."

பிணம் மாதிரி கிடந்தது.
எனக்குப் பொறுக்கவில்லை.
சிகரெட்டை அணைத்துவிட்டு அடித்தேன்:

"தலைவர் ஏன் எப்போதும் தூரத்தையே பார்க்கிறார்?
வரிசையின் முடிவு அவருக்குத் தெரிகிறது.
நமக்கு?
நம்மை யாரும் அவ்வளவு உயரத்தில் மாட்டவில்லையே,
இன்னும்."

அந்த "இன்னும்" என்னுடையது.
தனி வரியில் வைத்ததும் நான்தான்.

கமிட்டியில் படித்தபோது மேஜர் சிரித்துவிட்டாராம்.
பக்கத்து நாற்காலியும்.
ஒருவர் சிரித்ததை ஒருவர் பார்த்தாயிற்று.
அதற்குமேல் மன்னிக்க வழியில்லை.
வந்தபடியே விட்டிருந்தால்
ஓர் எச்சரிக்கை, ஒரு மாதச் சம்பளம்.
இப்போது இரண்டு வருடம், கல் குவாரி.

அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் இன்று பீர்க்கடை.
பெயர் "ஐந்தாண்டுத் திட்டம்".
பரிமாறும் பையன்களுக்குச் சிவப்புக் கழுத்துத்துணி,
பாட்டில் திறக்க அரிவாள் வடிவில் ஒன்று,
கழிப்பறைக் கதவில் "முன்னேறுங்கள், தோழர்களே!"
நான் வாசலில் கோட்டு வாங்கி மாட்டுகிறேன்,
ஓய்வூதியம் போதவில்லை.
காப்பகத்தைத் திறந்த பிறகு
முதலாளி கோப்புகளிலிருந்து பொறுக்கி
குவளைக்கு அடியில் வைக்கும் அட்டைகளில் அச்சடித்தான்.
கீழே சிறிய எழுத்தில்: ஆசிரியர், மக்கள்.
ஏழாம் எண் அட்டை என்னுடையது.
டச்சுப் பையன்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

ஒரு வியாழக்கிழமை அவர் வந்தார்.
கோப்பில் குத்தியிருந்த படத்தில்
இடது புருவம் பாதிதான். இப்போதும் பாதிதான்.
அட்டையைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார்.
சத்தமாகச் சிரித்தார்.
பரிமாறும் பையனிடம்,
"இது நான் சொன்னது" என்றார்.
மறுபடி படித்தார்.
"இல்லை. நான் இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை."
பிறகு அதன்மேல் குவளையை வைத்தார்.

கிளம்பும்போது வில்லை எண் முப்பத்தொன்று.
வலது கை தோளுக்குமேல் எழவில்லை,
கோட்டுக்குள் நான்தான் நுழைத்துவிட்டேன்.
"நன்றி, தோழரே" என்றார்,
அந்தக் கடையில் எல்லோரும் சொல்லும் கேலிக்குரலில்.

நான் சிரிக்க வேண்டிய இடம்.
விரல் தவறியது.
மேல் பொத்தானை இரண்டாம் துளையில் போட்டிருந்தேன்.
வாசல் கண்ணாடி முன் நின்று
அவரே திருத்திக்கொண்டு போனார்.