பதினாலில் மூன்று

பத்தொன்பதாம் நாள் ராத்திரி ஒன்பதே காலுக்கு
பல்பு அணைந்தது.

மீன் கம்பெனியில் வாங்கின தெர்மாகோல் பெட்டி,
நாற்பது வாட், ஒரு தம்ளர் தண்ணீர்,
முப்பத்தேழரை டிகிரி.
அவ்வளவுதான் என் கோழி.
அதற்குள் பதினாலு முட்டை.

கெடிலத்துக்கு இந்தப் பக்கம்
ஒரு கம்பமும் நேராக இல்லை என்றார்கள்.
என் வீட்டுக்காரர் லைன்மேன்.
இரண்டு நாளாய் நெல்லிக்குப்பத்தில்
கரும்புக் கொல்லைக்குள் விழுந்ததையெல்லாம்
தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்.
"ஆஸ்பத்திரி லைன் முதல்ல. நம்ம தெரு கடைசி."
"குஞ்சுங்க?" என்றேன்.
போனில் காற்று மட்டும் கேட்டது.

முப்பத்தாறு. முப்பத்தைந்து.
ஒன்றை எடுத்துக் காதோடு வைத்தேன்.
உள்ளே யாரோ
நகத்தால் சுவரைச் சுரண்டினார்கள்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சலாட்சி.
இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை.
என் வீட்டுப் பாத்திரம் கழுவின தண்ணீர்
சுவர் ஓட்டை வழியாக
அவள் முருங்கைக்குப் போனது;
மரம் பட்டுப்போனது அதனால்தானாம்.
அரைச்செங்கல் வைத்து அடைத்துவிட்டாள்.
அவளுடைய கறுப்புப் பெட்டை
ஒரு வாரமாய் அடையில் கிடப்பது எனக்குத் தெரியும்.
எந்தப் பிள்ளையோ தொலைத்த ரப்பர் பந்தின் மேல்
க்ளக் க்ளக் என்று உட்கார்ந்திருக்கிறது, முட்டாள்.

மடியில் கட்டிக்கொண்டு மழையில் போனேன்.
நல்லா இருக்கீங்களா என்று கேட்கவில்லை.
"உங்க கோழி அடையிலதானே?"
மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்தாள். என் முகத்துக்கு இல்லை, மடிக்கு.
"எத்தினி?"
"பதினாலு."
"பதினொண்ணுக்கு மேல அது றெக்கை தாங்காது."

பந்தை எடுத்தாள். முட்டைகளை நுழைத்தாள்.
கூடையில் துருப்பிடித்த அரிவாள் நுனி, ஒரு கரித்துண்டு,
இரண்டு மிளகாய் வற்றல்.
"இடி இடிச்சா கலங்கிடும்."
நான் பி.எஸ்சி. விலங்கியல்.
வாயைத் திறக்கவில்லை.

மூன்று மிச்சம்.
சுடுதண்ணீர் பாட்டில், அவருடைய ஸ்வெட்டர், என் வயிறு.
இரண்டு ராத்திரி ஒருக்களிக்கவில்லை.
கால் மரத்து, முதுகு பிடித்து,
விடியற்காலையில் அந்தப் பந்தையும் கோழியையும் நினைத்தேன்.
முட்டாள் என்றதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

இருபத்தொன்றாம் நாள்.
சுவருக்கு அப்பால் சில்லறை கொட்டுகிற சத்தம்.
ஒரு கை மேலே வந்தது, அஞ்சு விரல்.
இன்னொரு கை, நாலு.
முகம் தெரியவில்லை.
இரண்டு கூமுட்டையாம், வாய்க்காலில் எறிந்தாளாம்;
அது பின்னால் தெரிந்தது.

என்னுடையதில் ஒன்று பேசவேயில்லை.
ஒன்று, அலகளவு ஓட்டை போட்டுவிட்டு நின்றது.
ஒரு மணி நேரம். நாலு மணி நேரம்.
உரிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.
உரித்தேன்.
சிவப்பாக ஒரு நூல் பிரிந்து வந்தது,
நிறுத்த முடியவில்லை.
உள்ளங்கையில் ஈரமாய்,
ஒரு தடவை வாயைத் திறந்தது.

மூன்றாவது தட்ட ஆரம்பித்தபோது
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை உட்கார்ந்தேன்.
தானாக வந்தது.
வந்ததும் என்மேல் கழிந்தது.

அஞ்சாம் நாள் கரண்ட் வந்தது,
பிறகு அவர்.
விரலெல்லாம் பிளாஸ்திரி.
பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்: பல்புக்கடியில் ஒன்றே ஒன்று.
"மத்ததெல்லாம்?"
சுவரைக் காட்டினேன்.
"பேசினீங்களா?"
"இல்லை. எண்ணினோம்."

ராத்திரி இதையும் கறுப்புப் பெட்டைக்கடியில் தள்ளிப் பார்த்தாள்.
கொத்தி வெளியே போட்டுவிட்டது.
ஒன்பது வரைக்கும் அதற்குக் கணக்குத் தெரிகிறது.
இப்போது இது கொல்லையில் என் செருப்பைத் துரத்துகிறது.
அந்தப் பக்கம் ஒன்பதும் கத்தினால்
சுவரோரம் ஓடிப் போய்க் கழுத்தை நீட்டுகிறது.

இன்று காலை பார்த்தேன்.
அரைச்செங்கல் அங்கேயேதான் இருக்கிறது,
ஆனால் செங்குத்தாக.
பக்கத்தில் மூன்று விரல் இடம்.
கோழி போகாது. குஞ்சு போகும்.
தண்ணீரும் போகும், கொஞ்சம்.