வாக்குமூலத்தில் சில திருத்தங்கள்

புந்தா அரேனாஸ். ஜூலை மாதம்.
நீதிமன்ற ஹீட்டர் இருமிக்கொண்டிருந்தது.
சொன்னதைச் சொன்னபடி அடிப்பது என் வேலை.

எர்மிந்தா ஓயார்சோ, ஐம்பத்தெட்டு,
விடுதி நடத்துகிறவர்.
கையுறையைக் கழற்றாமலே சத்தியம் செய்தார்.

"போப்ரே ஓம்ப்ரே" என்று தொடங்கினார் அவருடைய வக்கீல்.
"இல்லை. ஓம்ப்ரே போப்ரே."
ஆளுக்கு முன்னால் நின்றால் அந்தச் சொல் ஐயோ பாவம்;
பின்னால் போனால் வெறும் காலிப் பை.
"மூன்று மாத வாடகை பாக்கி.
பாவம் எல்லாம் நீங்கள் இப்போது சேர்ப்பது."
அழித்தேன்.
சொல்லைப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன்,
ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்துவதுபோல.

கதவைத் தட்டினாரா?
"கோல்பெயாபா."
தட்டினார், முடிந்தது என்கிற தட்டல் இல்லை அது.
தட்டிக்கொண்டே இருந்தார்;
எப்போது தொடங்கி எப்போது ஓய்ந்ததென்று
வினைச்சொல்லுக்கே தெரியாது.
பனி பெய்துகொண்டிருந்தது,
ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்,
சூப் கொதித்துக்கொண்டிருந்தது,
எல்லாம் அந்த ஒரே காலத்தில்.

விடுதியில் வேறு யாருக்காவது கேட்டதா?
"நோ ஓயோ நாதா நாதியே."
இல்லை, ஒன்றுமில்லை, யாருமில்லை.
கணக்கு வாத்தியாரிடம் போனால்
இரண்டு இல்லை சேர்ந்து ஓர் ஆம் ஆகிவிடும்.
எங்கள் பேச்சில் இல்லைகள் ஒன்றையொன்று வெட்டுவதில்லை.
ஒன்றின்மேல் ஒன்றாய் இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம்.
அன்றிரவு ஆறு அறைகளில்
அப்படித்தான் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள்.

வக்கீல் குரலைத் தணித்தார்.
"அதாவது, நோ கெரீயா.
திறக்க உங்களுக்கு மனமில்லாமல் இருந்தது.
நடுராத்திரி. தனிப் பெண். பயம் வேறு."
நான் அடித்தும்விட்டேன்.
மனமில்லாமல் இருந்தவளை யார் என்ன செய்துவிட முடியும்?

"நோ கீஸே" என்றார் எர்மிந்தா.

அதே வினைதான். வால் மட்டும் வேறு.
முன்னதில் ஒருத்தி
அடுப்பருகே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.
பின்னதில் அவள் எழுகிறாள்,
கதவுவரை நடக்கிறாள்,
தாழ்ப்பாளில் கைவைத்து,
மறுபக்கம் ஒருவர் மூச்சு விடுவதைக் கேட்டு,
கையை எடுத்துக்கொள்கிறாள்.
மறுத்தேன்.

வக்கீல் என்னைப் பார்த்தார்.
நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார்.
"எழுதுங்கள்" என்றார் எர்மிந்தா, என்னிடம்,
ரொட்டிக்கடையில் இன்னும் இரண்டு கொடுங்கள்
என்று கேட்கிற குரலில்.

அடித்தேன். தாளை உருவினேன்.
கையெழுத்துப் போடத்தான் கையுறையைக் கழற்றினார்.
ஓயார்சோவில் ஓர் எழுத்தை நான் தவறாக அடித்திருந்தேன்.
அதைத் திருத்தச் சொல்லவில்லை.