இரண்டாம் பாகம்

முதல் பாகத்தை யாரும் கேட்பதில்லை.
ப்வெப்லோ நகரத்தில்,
பனி கொட்டும் வெள்ளி நள்ளிரவில்
நாற்பத்தொரு நாற்காலியும் நிரம்புவது
இரண்டாவதுக்குத்தான்.

கதை என்று ஒரு மண்ணும் இல்லை.
இரண்டு கஞ்சாக்குடிக்கிகள்.
திருடிய சவ வண்டி.
பெட்டிக்குள் பிணம் இருக்கவேண்டிய இடத்தில்
மூட்டை மூட்டையாய் இலை.
மேயர் வீட்டு ஆடு அதை மேய்ந்துவிட்டுத்
தேர்தலில் நிற்கிறது,
ஜெயித்தும் தொலைக்கிறது.

அன்றைக்கு விமர்சகர்கள் காறித் துப்பினார்கள்.
துப்பியதையெல்லாம் போஸ்டரில் அச்சடித்தார்
தியேட்டர்காரர் லோனி பாக்கா.

பல் ஆஸ்பத்திரி நர்ஸ் மார்வா ஓக்விஸ்ட்
ஆட்டின் பதவிப்பிரமாணத்தைப்
பிசகாமல் ஒப்பிப்பாள்.
வசனம் "மே" மட்டும்தான்,
ஆனால் பதினோரு ஏற்ற இறக்கம்.

அவள் புருஷன் வெர்லின் அவசரக்காரன்.
சவப்பெட்டி திறக்க மூன்று நொடி இருக்கும்போதே
சிரித்துக் காரியத்தைக் கெடுப்பான்.
பாப்கார்னால் அடிப்போம்.

போன மார்ச்சில் போய்விட்டான்.

இதோ சவப்பெட்டி.
இன்னும் திறக்கவில்லை,
மூன்று நொடி இருக்கிறது.
கொட்டகை மொத்தமும் வெடித்துச் சிரிக்கிறது.

"இப்ப எதுக்குச் சிரிச்சீங்க?"
முதல்முறை வந்த பையன் கேட்கிறான்.
மார்வா தன் பாப்கார்னை
அவன் தலையில் கொட்டுகிறாள்.