மூன்றாம் புட்டி

பெர்கன் நகரில் மழை ஒரு செய்தியே அல்ல.
அதனால் இரவுப் பதிவேட்டில்
மழையை நான் எழுதவில்லை.

எழுதியது இவ்வளவுதான்:
நாய், பெண், பதினொரு கிலோ.
அட்ரினல் சுரப்பி இரண்டும் எடுத்துப் பத்தொன்பது நாள்.
உப்புத் தண்ணீரில் உயிரோடு இருக்கிறது.
ஹார்மோன் ஊசி இல்லை.
மாலை ஏழு: பொட்டாசியம், இரைப்பைக் குழாய் வழியே, மெதுவாக.
பெயர் எழுதக் கூடாதென்பார் டாக்டர் அஸ்லாக்சன்.
ஓரத்தில் சின்னதாக எழுதினேன்: ட்ரோஸ்ட்.

கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"கட்டளை போடும் சுரப்பி போய்விட்டது, குட்வெய்க்.
சிறுநீரகம் இனிக் கைகட்டி நிற்கும்.
இதயம் தடுமாறினால் போன் செய்."

ஒன்பது மணிப் புட்டி.
பதினொரு மணிப் புட்டி.
ஒரு மணிக்கு மூன்றாவது.

சுடரில் தெளித்தேன்.
குடித்துவிட்டு விருந்துக்கு வந்த மாமன் மாதிரி
சோடியத்தின் மஞ்சள் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டது.
நீலக் கண்ணாடியைக் குறுக்கே பிடித்தபின்தான்
பின்னால் கூசி நின்ற
அந்த இளம் ஊதா தெரிந்தது.

முள் ஏறியது.
முதல் புட்டியைப் போல் மூன்று மடங்கு.

பர்னர் அழுக்கென்று கழுவினேன்.
மூன்று மடங்கு.
கை அழுக்கோ என்று கையையும் கழுவினேன்.
முள் சொன்ன சொல் மாறவில்லை.

யார் சொன்னது அந்தச் சிறுநீரகத்துக்கு?
மேலிருந்து ஒரு வரிகூட வரவில்லையே.
மயிரிழைக் குழாய்களின் கடைசி வளைவுகளில்
பக்கத்தில் ஓடும் இரத்தத்தை
அதுவே தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கும்.
ருசி மாறியதும்
மதகைத் தூக்கியிருக்கும்.
இது என் ஊகம். பதிவேட்டில் இல்லை.

நாலாவது மணியில் எடுத்தார்.
தூக்கத்தோடு ஒரே சொல்: "இரத்தம்?"

அதையும் அளந்திருந்தேன்.
ஆறு புள்ளி நான்கு.

"வெளியேற்றுகிறது," என்றார்.
"ஆனால் இவ்வளவு ஏறின பிறகுதான்."
யாரது என்று அவர் மனைவி கேட்பது கேட்டது.
"சுரப்பி இருந்தால் இதில் பாதிச் செலவில் முடித்திருக்கும்."
வைத்துவிட்டார்.

தலைமைச் செவிலி போய் இரண்டு குளிர்காலம்.
இரவுப் பிரிவுக்கு யாரையும் நியமிக்கவில்லை.
நடக்கிறது.
எப்படி நடக்கிறதென்று ஒருவரும் கேட்டதில்லை,
என் தோள்வலியை
நானும் எங்கும் எழுதியதில்லை.

ட்ரோஸ்ட் விழித்திருந்தது.
இதயத் துடிப்பின் கோடு கூடாரம் கூடாரமாய்க் கூர்ந்திருந்தாலும்
ஒழுங்காய் இருந்தது.
வாலால் தரையை இருமுறை தட்டியது.

காலையில் வீட்டில் உருளைக்கிழங்கு வேகவைத்தேன்.
தண்ணீரை வடிக்கும்போது
சற்று நின்றேன்,
அதில் எவ்வளவு ஊதா இருக்குமென்று.
பிறகு கொட்டினேன்.